ரோசிட்ஸ்கி ஆடிய ஆட்டங்கள்

தோமாஷ் ரோசிட்ஸ்கி என்று பெயரைச் சொன்னதும் கால்பந்து பார்ப்பவர்கள், "பாவம், காயம் மட்டும் இல்லேன்னா எங்கேயோ போயிருப்பாரு" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்பாது. அவர் ஆடாமல் போன ஆட்டங்களைப் பற்றியே பேசிப் பேசி, ஆடிய ஆட்டங்களை மறந்துவிட்டார்கள். ஆர்சனல் அணியில் பத்து ஆண்டு இருந்தார். 246 ஆட்டம், 28 கோல். அதே பத்து ஆண்டில் அணி ஆடியது ஐந்நூறு ஆட்டங்களுக்கு மேல். பாதி நாள்கூட அவர் களத்தில் இல்லை என்று கணக்கு சொல்லும். கணக்கு சரிதான். ஆனால் அந்த 246இல் பலவற்றை நான் பெரம்பூரில் மாமா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் அவரைப் பார்த்தது 2004 யூரோ கோப்பையில். போர்ச்சுகலில் நடந்த போட்டி. பெரிய ஆட்டங்கள் நம் ஊர்க் கணக்குக்கு நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். அத்தை தூங்கப் போன பிறகு டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு நானும் மாமாவும் உட்காருவோம். செக் அணியில் அப்போது பெரிய பெயர்கள் இருந்தார்கள். நெட்வெட் 2003இல் பாலோன் தோர் வாங்கியவர். யான் கொல்லர் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். மிலான் பாரோஷ் அந்தப் போட்டியிலேயே அதிக கோல் அடித்தவராக முடித்தார். இவர்களுக்கு நடுவில் ஒல்லியாக, முடி நெற்றியில் விழ, 23 வயதுப் பையன் ஒருவன். தோள் மோதினால் விழுந்துவிடுவான் போலிருந்தான். ஆனால் மோதுகிற தூரத்தில் அவன் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஜூன் 19, ஆவேரோ நகரம், நெதர்லாந்துக்கு எதிரான ஆட்டம். இருபது நிமிடத்துக்குள் செக் அணி 0-2 என்று பின்தங்கியது. முடிவில் 3-2 என்று வென்றது. கொல்லர், பாரோஷ், 88ஆவது நிமிடத்தில் ஷ்மிட்செர். அந்த யூரோவின் மிகச் சிறந்த ஆட்டம் அதுதான் என்று இன்றும் நான் அடித்துச் சொல்வேன். நான் கோல்களைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தபோது மாமா வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், பந்தைப் பாக்காத. பந்தைக் குடுத்தப்புறம் அந்தப் பையன் என்ன பண்றான்னு பாரு" என்றார்.

பார்த்தேன். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பாஸ் கொடுத்ததும் ஒரு கணம் நின்று அது போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்கள். ரோசிட்ஸ்கி நிற்கவே மாட்டார். பந்து காலைவிட்டுப் போகும்போதே உடம்பு அடுத்த இடத்துக்குக் கிளம்பியிருக்கும். வாங்குகிறவர் தலையைத் தூக்கும்போது இவர் திரும்பவும் அவர் கண் முன்னால், யாரும் இல்லாத இடத்தில் நிற்பார். மூன்று தப்படி, கொடுத்து வாங்கல், மறுபடி மூன்று தப்படி. அவ்வளவுதான் வித்தை. அதற்குள் எதிரணியின் நடுக்களம் கலைந்து போயிருக்கும்.

மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எழுபதுகளில் அவர் சென்னை லீக்கில் ஒரு கம்பெனி அணிக்கு ஆடியவர். அப்போதெல்லாம் நல்ல ஆட்டக்காரனுக்குக் கால்பந்தை வைத்தே வேலை கிடைக்கும். அப்படித்தான் அவருக்கும் கிடைத்தது. இருபத்தேழு வயதில் ஒரு லீக் ஆட்டத்தில் திரும்பும்போது வலது முட்டி உள்ளே மடங்கியது. யாரும் இடிக்கவில்லை. புல்லில் கால் மாட்டிக்கொண்டது, உடம்பு திரும்பிவிட்டது, கால் திரும்பவில்லை. புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு சில வாரம் படுத்திருந்தார். வீக்கம் வடிந்தது, நடக்க முடிந்தது, நேராக ஓடவும் முடிந்தது. திரும்பினால் மட்டும் முட்டி நழுவியது. உள்ளே எந்த லிகமெண்ட் அறுந்திருக்கிறது என்று ஸ்கேன் செய்து பார்க்கிற வசதி எல்லாம் அப்போது அவர் மாதிரி ஆட்டக்காரர்களுக்கு இல்லை. வேலை இருந்தது, ஆட்டம் போய்விட்டது. வலது முட்டியைச் சுற்றி க்ரேப் பேண்டேஜைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியை மூடும்படி அவர் கட்டிக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கட்டி முடித்ததும் ஒரு தடவை காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதனாலேயோ என்னவோ, டிவியில் ஒருவர் விழுந்தால் அவர் எழுந்திருக்கும்வரை மாமா பேச மாட்டார்.

அந்த யூரோவின் அரையிறுதியில் கிரீஸ். மூன்றாவது நிமிடத்திலேயே ரோசிட்ஸ்கி அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. முதல் பாதியிலேயே நெட்வெட் முட்டியில் அடிபட்டு வெளியேறினார். கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடிகிற வேளையில் கிரீஸின் டெல்லாஸ் தலையால் முட்டிக் கோல் அடித்தார். அந்தப் பாதி முடிவில் முன்னிலையில் இருக்கும் அணிக்கே வெற்றி என்ற சில்வர் கோல் விதி அப்போது இருந்ததால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. செக் கால்பந்தின் அந்தத் தலைமுறை கோப்பைக்கு அவ்வளவு பக்கத்தில் அதற்குப் பிறகு வரவே இல்லை.

ரோசிட்ஸ்கி பிராகில் 1980இல் பிறந்தவர். அப்பாவும் ஸ்பார்ட்டா பிராக் அணிக்கு ஆடியவர். ஸ்பார்ட்டாவில் வளர்ந்து, 2001 ஜனவரியில் 20 வயதில் பொருஸ்ஸியா டார்ட்மண்டுக்குப் போனார். அடுத்த பருவத்திலேயே ஜெர்மன் லீக் பட்டம். அதே பருவத்தில் யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் ஃபெயெநூர்டிடம் 3-2 தோல்வி. டார்ட்மண்டில்தான் அவருக்குக் 'குட்டி மொஸார்ட்' என்ற பட்டப்பெயர் வந்தது. பிறகு அந்த கிளப் கடனில் மூழ்கித் திவாலின் விளிம்புக்குப் போனது. 2006இல் ஆர்சனல் அவரை வாங்கியது. ராபர்ட் பிரேஸ் விட்டுப்போன 7ஆம் எண் சட்டையைக் கொடுத்தார்கள்.

அந்த ஜூன் மாதம் உலகக் கோப்பை. 2006 ஜூன் 12, கெல்சன்கிர்ஷன், அமெரிக்காவுக்கு எதிராக. நம் நேரம் இரவு ஒன்பதரை என்பதால் அன்று அத்தையும் கூட இருந்தார். ஐந்தாவது நிமிடத்தில் கொல்லர் தலையால் முட்டி ஒரு கோல். 36ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ முப்பது மீட்டர் தூரத்தில் பந்து ரோசிட்ஸ்கியிடம் வந்தது. அந்தத் தூரத்திலிருந்து அடிக்கிறவர்கள் உடம்பைப் பின்னால் சாய்த்து வேகத்தைத் திரட்டுவார்கள். இவர் அப்படி எதுவும் செய்யவில்லை. ஓடிக்கொண்டே வலது காலை வீசினார். பந்து வளைந்து போய் வலைக்குள் விழுந்தது. கோல்கீப்பர் கேசி கெல்லர் முழு நீளம் தாவியும் கைக்கு எட்டவில்லை. இரண்டாம் பாதியில் நெட்வெட் கொடுத்த பந்தை வாங்கித் தனியாக ஓடி, கீப்பருக்கு மேலே தூக்கிவிட்டு இன்னொன்று. 3-0. அத்தை, "யாருடா இவன், சின்னப் பையனா இருக்கான்" என்றார். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அவர் 'சின்னப் பையன்' ஆனார். முப்பத்தைந்து வயதிலும் அதே பெயர்தான்.

அதே ஆட்டத்தில் கொல்லர் தொடைத் தசை இழுத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் போனார். அடுத்து கானாவிடமும் இத்தாலியிடமும் 2-0 என்று தோற்று செக் அணி முதல் சுற்றிலேயே ஊருக்குத் திரும்பியது.

ஆர்சனலில் முதல் பருவம் நன்றாகவே போயிற்று. 2007 ஜனவரி 6, எஃப்ஏ கோப்பையில் லிவர்பூலை அவர்கள் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் சந்தித்தார்கள். முந்தின ஆண்டு கோப்பையை வென்றிருந்தது லிவர்பூல். முதல் பாதியில் ரோசிட்ஸ்கி இரண்டு கோல் அடித்தார். ஆன்ரி ஒன்று சேர்க்க 3-1. அதைவிடவும் அடுத்த பருவம்தான் என் நினைவில் தங்கியது. ஆன்ரி பார்சிலோனாவுக்குப் போய்விட்டார், ஆர்சனல் நான்காம் இடத்துக்குக்கூட வராது என்று எழுதினார்கள். ஃபாப்ரிகாஸ், ஃப்ளமினி, ஹ்லெப், ரோசிட்ஸ்கி என்று நடுக்களத்தில் நான்கு பேர். நால்வரும் பந்தை வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டுகிறவர்கள் இல்லை, வாங்குவதும் கொடுப்பதுமாகவே முன்னேறுகிறவர்கள். அவர்களில் வேகத்தைக் கூட்டுவது யார் என்று கவனித்தால் அது ரோசிட்ஸ்கிதான். ஃபாப்ரிகாஸ் ஆட்டத்தை நடத்துவார். எல்லாம் ஒரே சீராகப் போகும்போது திடீரென்று இரண்டு கியர் ஏற்றிவிடுவது இவர் வேலை. பிப்ரவரியில் ஆர்சனல் லீக்கில் ஐந்து புள்ளி முன்னிலையில் இருந்தது.

அதற்கு முன்பே அவர் போய்விட்டிருந்தார். 2008 ஜனவரி 26, நம் குடியரசு தினம். எஃப்ஏ கோப்பையில் நியூகாசிலுக்கு எதிராக இறங்கினார், ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஆர்சனல் 3-0 என்று வென்றது. மறுநாள் செய்தியில் அவர் காயம் ஒரே ஒரு வரி. தசைப்பிடிப்பு போலிருக்கிறது, இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மாமா மட்டும், "பின் தொடையா? தசையா, நாணா?" என்று கேட்டார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசம் பெரியது. தசை கிழிந்தால் அங்கே ரத்த ஓட்டம் தாராளமாக இருப்பதால் சீக்கிரம் கூடிவிடும். தசையை எலும்போடு பிணைக்கிற நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆறுவதற்கு மாதங்கள் ஆகும், ஆறினாலும் பழைய இழுவை திரும்பும் என்று சொல்ல முடியாது. முழு வேகத்தில் ஓடும்போது காலை முன்னே வீசுகிறோமே, அந்த வீச்சைக் கடைசி நொடியில் பிடித்து நிறுத்துவது தொடையின் பின்பக்கத் தசைகள்தாம். கிளம்புவது, நிற்பது, திரும்புவது, மறுபடி கிளம்புவது என்பதுதான் ரோசிட்ஸ்கியின் ஆட்டமே. நின்ற இடத்திலிருந்து நீளமான பாஸ் கொடுக்கிற ஒருவருக்கு அந்த நாண் போயிருந்தால் சமாளித்திருக்கலாம். இவருக்கு எது மூலதனமோ அதிலேயே அடி விழுந்தது.

வாரங்கள் மாதங்களாயின. அறுவை சிகிச்சை நடந்தது. பிப்ரவரி 23இல் பர்மிங்காமில் எடுவார்டோவின் கால் முறிந்தது, ஆர்சனலின் லீக் கனவு அதிலிருந்து சரிந்தது. 83 புள்ளியுடன் மூன்றாம் இடம், முதலிடத்துக்கும் இவர்களுக்கும் நான்கே புள்ளி வித்தியாசம். 2008 யூரோவுக்கும் ரோசிட்ஸ்கி போகவில்லை. ஜெனீவாவில் துருக்கிக்கு எதிராக 2-0 என்று முன்னிலையில் இருந்த செக் அணி கடைசிக் கால் மணி நேரத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றது. "நடுவுல பந்தை வச்சிக்கிட்டு நேரத்தைக் கடத்த ஆள் இல்ல" என்றார் மாமா. அன்று அவர் சொன்னது அதுமட்டும்தான்.

அந்தக் காத்திருப்பு, காயம்பட்ட ஆட்டக்காரரை நேசித்தவர்களுக்குத்தான் விளக்காமலே புரியும். அடிபட்டவர் இறந்துவிடவில்லை, ஓய்வு பெறவில்லை, வேறு அணிக்குப் போகவில்லை. பெயர்ப் பட்டியலில் இருக்கிறார், களத்தில் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிரௌசிங் சென்டரில் ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கரின் பத்திரிகையாளர் சந்திப்புச் செய்தியைத் தேடுவேன். யார் தயார், யார் சந்தேகம், யார் இல்லை என்று பட்டியல் வரும். ரோசிட்ஸ்கியின் பெயர் எப்போதும் கடைசி வரியில், மாறாத அதே வாக்கியத்தோடு இருக்கும். சில மாதங்களில் அந்த வரியும் வராமல் போயிற்று. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

2009 செப்டம்பர் 12. மான்செஸ்டர் சிட்டி மைதானம், சனிக்கிழமை மாலை ஏழரை மணி. அந்த ஆட்டத்தை உலகம் வேறொரு காரணத்துக்காக ஞாபகம் வைத்திருக்கிறது. ஆர்சனலிலிருந்து சிட்டிக்குப் போன அடெபயோர் கோல் அடித்துவிட்டு மைதானத்தின் முழு நீளத்துக்கும் ஓடிப்போய் ஆர்சனல் ரசிகர்கள் முன்னால் சறுக்கி விழுந்து கொண்டாடினார். நாற்காலிகள் பறந்தன, காவலர்கள் ஓடினார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது 88ஆவது நிமிடம். ஆர்சனல் 4-1 என்று தோற்றுக்கொண்டிருந்தது. மாற்று வீரராக இறங்கியிருந்த ரோசிட்ஸ்கி ஒரு கோல் அடித்தார். பத்தொன்பது மாதங்களுக்குப் பிறகு ஆர்சனல் சட்டையில் முதல் போட்டி ஆட்டம். யாரும் கொண்டாடவில்லை, அவரும் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினார். முன்னறையில் மாமா எழுந்து நின்று கை தட்டினார். அவர் ஓர் ஆட்டத்துக்கு எழுந்து நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தவர் கொஞ்சம் மாறியிருந்தார். அதையும் மாமாதான் காட்டினார். "முன்னெல்லாம் பந்தை வாங்கிட்டுத் திரும்புவான். இப்ப திரும்ப வேண்டியதில்லாத மாதிரி முன்னாடியே நின்னுக்கிறான் பாரு." உண்மைதான். முந்தின ரோசிட்ஸ்கி காலால் செய்ததில் ஒரு பகுதியைப் பிந்தின ரோசிட்ஸ்கி இடத்தைத் தேர்ந்து நிற்பதால் செய்தார். பந்து வருமுன்பே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருப்பார், ஒரே தொடுதலில் பந்து அடுத்தவரிடம் போய்விடும். காலின் வெளிப்புறத்தால் தட்டிவிடுவது அதிகமானது. திரும்பி உள்காலால் கொடுக்க ஆகும் அந்த அரை நொடி அதில் மிச்சம். அழகுக்காக அவர் அப்படிச் செய்தார் என்று சிலர் எழுதினார்கள். தேவையிலிருந்து பிறந்த அழகு அது என்பது என் எண்ணம். ஒன்று மட்டும் மாறவில்லை. எதிரணிக்காரர் காலிலிருந்து பந்தைப் பறிக்க அவர் சறுக்கி விழுவதைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஏன் இப்படி என்று கத்தத் தோன்றும்.

2012 பிப்ரவரி 26, டாட்டன்ஹாமுக்கு எதிராக எமிரேட்ஸ் மைதானத்தில். ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணி. ஆர்சனல் 0-2 என்று பின்தங்கி, இடைவேளைக்கு முன் 2-2 ஆக்கியது. 51ஆவது நிமிடத்தில் ரோசிட்ஸ்கி வலப்பக்கம் சான்யாவுக்குப் பந்தைக் கொடுத்தார், நிற்காமல் கோல் பகுதிக்குள் ஓடினார். சான்யா தாழ்வாக அனுப்பிய பந்து முன்கம்பத்துக்கு வந்தபோது பின்கள வீரருக்கு முன்னால் இவர் கால் இருந்தது. 3-2. முடிவில் 5-2. லீக் ஆட்டத்தில் அவர் கோல் அடித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடுத்த மாதமே ஆர்சனல் அவருக்குப் புதிய ஒப்பந்தம் கொடுத்தது. 31 வயதில், அந்தக் காயச் சரித்திரத்தோடு இருக்கும் ஒருவரை வைத்துக்கொள்ள வெங்கர் முடிவெடுத்ததற்கு இரக்கம் காரணமில்லை. அந்த வசந்த காலத்தில் அணியின் வேகத்தை நிர்ணயித்தது அவர்தான்.

மூன்று மாதம் கழித்து யூரோ. கிரீஸுக்கு எதிரான ஆட்டத்தில் குதிகால் நாணில் அடி. இடைவேளையோடு வெளியே வந்தார். காலிறுதியில் போர்ச்சுகலிடம் தோற்கும்போதும் களத்தில் இல்லை. ஆர்சனலுக்குத் திரும்பி ஆட மாதக் கணக்கில் ஆயிற்று.

2014ஐப் பற்றி நான் நிறையவே பேசுவேன். ஜனவரி 4, எஃப்ஏ கோப்பை, மறுபடி டாட்டன்ஹாம். டேனி ரோஸ் நடுக்கோட்டருகே பந்தை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த ரோசிட்ஸ்கி அதைத் தட்டிப் பறித்துக்கொண்டு பாதி மைதானம் தனியாக ஓடினார். 33 வயது, பலமுறை பழுது பார்த்த தொடை, பின்னால் துரத்துவது அவரைவிடப் பத்து வயது இளையவர். கடைசிவரை அவரால் நெருங்க முடியவில்லை. வெளியே வந்த லோரிஸின் மேலே பந்தை மெல்லத் தூக்கிவிட்டார். அதே ஆட்டத்தின் கடைசியில் தியோ வால்காட் விழுந்தார். "லிகமெண்ட்" என்றார் மாமா, ரீப்ளே வருவதற்கு முன்பே. ஸ்ட்ரெச்சரில் போகும்போது வால்காட் டாட்டன்ஹாம் ரசிகர்களைப் பார்த்துக் கைவிரல்களால் 2-0 என்று காட்டினார். எங்கள் அறையில் எல்லோரும் சிரித்தார்கள், மாமா சிரிக்கவில்லை. இரண்டு நாளில் சிலுவை லிகமெண்ட் அறுந்தது உறுதியானது.

பிப்ரவரி 22, சண்டர்லாந்து. இடைவேளைக்குச் சற்று முன் வில்ஷெர், கசோர்லா, ஜிரு ஆகியோரோடு ரோசிட்ஸ்கி மாறி மாறிக் கொடுத்து வாங்கினார். ஒவ்வொருவருக்கும் ஒரே தொடுதல். பல்லாங்குழியில் காய் போடுகிற கை மாதிரி பந்து ஒவ்வொரு காலையும் தொட்டு உடனே விட்டது. சண்டர்லாந்து வீரர்கள் ஆறேழு பேர் சுற்றி நின்றார்கள், ஒருவரால்கூடத் தொட முடியவில்லை. கடைசியில் கீப்பர் மன்னோனேயின் மேலாக ஒரு சின்னத் தூக்கல். ஆர்சனல் அந்தப் பத்தாண்டுகளில் அடித்த கோல்களில் அணியாகச் சேர்ந்து அடித்தது எது என்று கேட்டால், பலர் வில்ஷெர் நார்விச்சுக்கு எதிராக அடித்ததைச் சொல்வார்கள். நான் இதைச் சொல்வேன். மூன்று வாரம் கழித்து டாட்டன்ஹாம் மைதானத்திலேயே 72ஆவது நொடியில் தூரத்து மேல்மூலையில் இன்னொரு கோல். ஆட்டம் 1-0. மே மாதம் எஃப்ஏ கோப்பை இறுதியில் கூடுதல் நேரத்தில் இறங்கினார், ஒன்பது ஆண்டு கழித்து ஆர்சனல் ஒரு கோப்பையைத் தூக்கியது.

அதன் பிறகு முட்டி. 2015 கோடையில் அறுவை சிகிச்சை, மறுபடி மாதங்கள். 2016 ஜனவரி 30, பர்ன்லிக்கு எதிரான கோப்பை ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார். அந்தப் பருவத்தில் அதுதான் முதல் ஆட்டம். எமிரேட்ஸ் முழுக்க எழுந்து நின்று வரவேற்றது. அந்த ஆட்டத்திலேயே தொடையில் மறுபடி அடி. ஆர்சனலுக்காக அவர் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. அந்த இரவு நானும் மாமாவும் டிவியை அணைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.

ஆனாலும் அந்த ஜூனில் யூரோவுக்கு வந்தார். செயின்ட் எத்தியேனில் குரோஷியாவுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கியிருந்தபோது, வலது காலின் வெளிப்புறத்தால் ஒரு பந்தைக் கோல் பகுதிக்குள் வளைத்து அனுப்பினார். ஷ்கோடா தலையால் முட்டினார். நெட்சித் பெனால்டியில் இன்னொன்று அடிக்க 2-2. தேசிய அணிக்காக அவருடைய கடைசி ஆட்டம் அதுதான். 105 ஆட்டம், 23 கோல். துருக்கிக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லை. பிறகு ஸ்பார்ட்டாவுக்கே திரும்பினார். முதல் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில் மாற்று வீரராகக் கொஞ்ச நேரம் ஆடினார், அத்தோடு பருவம் போயிற்று. 2017 டிசம்பரில், தொழில்முறைக் கால்பந்து கேட்கிற அளவுக்கு உடம்பைத் தயார் செய்ய இனி முடியவில்லை என்று சொல்லி விலகினார்.

அந்தச் செய்தியை நான்தான் மாமாவுக்குப் போனில் சொன்னேன். அவர் அதற்குள் இரண்டு முட்டியும் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பல வருடங்களுக்குப் பிறகு பேண்டேஜ் இல்லாமல் நடந்துகொண்டிருந்தார். "முப்பத்தேழு வயசு வரைக்கும் ஆடிட்டானேடா" என்றார். அவர் குரலில் வருத்தமே இல்லை. இருபத்தேழில் நின்றவர் சொன்னது அது. "பாவம்" என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதிலை நான் கேட்டதில்லை.

2018 டிசம்பரில் ரோசிட்ஸ்கி ஸ்பார்ட்டாவின் விளையாட்டு இயக்குநரானார். 2014க்குப் பிறகு லீக் பட்டமே வெல்லாதிருந்த அணி, அவர் பொறுப்பில் 2023இலும் 2024இலும் அடுத்தடுத்து வென்றது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவருடைய காயங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்று ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள்: 2006இல் அமெரிக்காவுக்கு எதிரானது, 2012இல் டாட்டன்ஹாமுக்கு எதிரானது, 2014இல் சண்டர்லாந்துக்கு எதிரானது. கோல்களை மட்டும் வெட்டித் தொகுத்த காணொளி வேண்டாம், அதில் அவர் பாதிகூடத் தெரியமாட்டார். முழு ஆட்டமாகக் கிடைத்தால் முழுதாகப் பாருங்கள்.